பக்கவாதத்தில் மூடிய கைக்கு போட்டாக்ஸ்: என்ன செய்யும், என்ன செய்யாது

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. கைத்தடியோடு நடக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் வலது கை முஷ்டியாக மூடிக்கொண்டு திறக்க மறுக்கிறது. போட்டாக்ஸ் ஊசி போடலாம் என்கிறார் நரம்பியல் மருத்துவர். முகச்சுருக்கத்துக்குப் போடுகிற ஊசிக்கும் பக்கவாதத்துக்கும் என்ன சம்பந்தம்? அது விஷம் என்கிறார்களே, வயதானவருக்குப் போடலாமா? போட்டால் கை பழையபடி வருமா?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் நிறையவே உண்டு. இந்த ஊசி நோய்க்கு மருந்தாகத்தான் வந்தது, அழகுக்குப் போனது பிற்பாடு. விஷம் என்பதும் உண்மை; அளவும் இடமும் அறிந்தவர் போட்டால் வயதானவருக்கும் போடலாம். கை திறக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. திறந்த கை பழையபடி வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்து முகம் வாடி வருகிற குடும்பங்களை மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவில் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்தின் பெயர் பொட்டுலினம் நச்சு; போட்டாக்ஸ் என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று. காற்றுப் புகாமல் அடைபட்டுக் கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்குவது. ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியில் கெட்ட சாசேஜ் தின்று இறந்தவர்களைப் பற்றி யூஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் 1820களில் விளக்கமாக எழுதினார். இமை சரியும், வாய் வறளும், விழுங்க முடியாது, மூச்சுத் தசைகள் ஓயும். நினைவு மட்டும் தப்பாது. கெர்னர் கவிஞரும்கூட. கெட்ட இறைச்சியிலிருந்து எடுத்த சாற்றைத் தானே சுவைத்துப் பார்த்த துணிச்சல்காரர். இதையே மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அளவு மீறித் துடிக்கும் நரம்புகளை அடக்கலாம் என்று 1822இல் எழுதிவைத்தார். அதைச் செய்து பார்க்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

செய்து பார்த்தவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணில் ஒரு பக்கத் தசை கண்ணை அதிகமாக இழுக்கிறது. கத்தி வைக்காமல் அதைத் தளர்த்த வழி தேடினார். குரங்குகளிடம் செய்த சோதனையை 1973இலும், மனிதர்களிடம் கண்ட பலனை 1980இலும் வெளியிட்டார். 1989 டிசம்பரில் மாறுகண்ணுக்கும், கண்ணைத் திறக்கவே விடாத இமைத் துடிப்புக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. அழகு பிறகுதான் வந்தது. வான்கூவரில் ஜீன் கரூதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, புருவங்களுக்கு நடுவிலும் போடும்படி கேட்டார். அங்கே போட்டால் முகம் கடுகடுப்பு நீங்கித் தெரிகிறதாம். ஜீனின் கணவர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து 1992இல் கட்டுரை எழுதினார்கள். புருவச் சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002இல். விளம்பரத்தில் நாம் காண்பது இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தை மட்டும்தான்.

இது உடலுக்குள் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நுண்ணிய பைகளில் அடைபட்டிருக்கிறது. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் பை நரம்பின் ஓரத்தோடு ஒட்டித் திறக்க, பொருள் வெளியே கொட்டித் தசை சுருங்குகிறது. பை ஒட்டுவதற்கு ஸ்னாப்-25 என்ற புரதம் வேண்டும். போட்டாக்ஸில் உள்ள ஏ வகை நச்சு நரம்பு முனைக்குள் நுழைந்து அந்தப் புரதத்தைத் துண்டாக்கிவிடுகிறது. கட்டளை வரும், பையும் இருக்கும், பொருள் வெளியே வராது, தசை தளரும். தசையோ நரம்போ சாவதில்லை. நரம்பு முதலில் புதிய கிளைகளை விடுகிறது, பிறகு பழைய முனையே மீண்டும் வேலைக்கு வந்துவிடுகிறது. ஏறத்தாழ 3 மாதத்தில் பலன் தேய்ந்துபோவது அதனால்தான். தசையை மட்டுமா அசிட்டைல்கோலின் ஆள்கிறது? வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீர்ப்பை எல்லாமே அதன் கீழ்தான். ஒரே ஊசி இத்தனை நோய்களுக்குப் போவதன் காரணம் அதுதான். அதிசய மருந்து என்று எண்ண வேண்டியதில்லை.

இனி உங்கள் அப்பாவின் கை. மூளையிலிருந்து இறங்கும் நரம்பு வழிகள் தசைகளை இயக்குவதோடு அவற்றை அடக்கியும் வைத்திருக்கின்றன. பக்கவாதம் அந்த வழியை அறுத்தால் இயக்கமும் போகிறது, அடக்கமும் போகிறது. தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் கட்டுப்பாடில்லாமல் ஓடுகிறது. லேசாக நீட்டினாலும் தசை இழுத்துக்கொள்கிறது. கையில் மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. ஆகவே முழங்கை மடங்கி, மணிக்கட்டு கவிழ்ந்து, விரல்கள் உள்ளங்கைக்குள் புதைகின்றன. கட்டைவிரல் பெரும்பாலும் மற்ற விரல்களுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும்.

ஊசிக்கு முன் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். மூடிய கையெல்லாம் தசை இறுக்கத்தால் மூடியது அல்ல. மாதக்கணக்கில் மடங்கியே கிடந்தால் தசையும் தசைநாணும் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களும் குறுகிவிடும். அந்தக் குறுக்கத்தை இந்த மருந்தால் நீட்ட முடியாது. படுக்கையில் நோயாளியைத் தளர்வாக இருத்திவிட்டு விரல்களைச் சட்டென்று நீட்டிப் பார்ப்போம். ஓரிடத்தில் வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும். பிறகு அதே விரல்களை மிக மெதுவாக நீட்டுவோம். வேகமாக நீட்டும்போது பிடித்த கை மெதுவாக நீட்டும்போது விட்டுக்கொடுத்தால் ஊசிக்கு வேலை இருக்கிறது. எப்படி நீட்டினாலும் ஒரே இடத்தில் கட்டைபோல நின்றால், ஸ்ப்ளின்டும் (கையை நீட்டிவைத்துத் தாங்கும் பட்டை) மாவுக்கட்டும், சில சமயம் அறுவை சிகிச்சையும்தான் வழி. பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்திருக்கும். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது அப்பாவின் விரல்கள் கொஞ்சமாவது தளர்கின்றனவா என்று வீட்டிலேயே கவனியுங்கள். மருத்துவரிடம் சொல்ல அது பயனுள்ள தகவல்.

ஊசி போடும் அன்று என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் உள்ளங்கையில் இல்லை. முன்கையில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக இருக்கின்றன. நடுவிரலுக்கான பகுதியும் மோதிரவிரலுக்கான பகுதியும் ஒட்டியே கிடக்கும். கண்மதிப்பாகக் குத்தினால் பக்கத்துத் தசையில் இறங்கிவிடும். அதனால் அல்ட்ராசவுண்ட் கருவியை முன்கைமேல் வைத்து, ஒரு விரலை மட்டும் நாங்களே மெல்ல அசைப்போம். திரையில் எந்தப் பகுதி வழுக்கி நகர்கிறதோ அதுதான் அந்த விரலின் தசை. ஊசி முனை அதற்குள் வெள்ளைக் கோடாகத் தெரிந்த பிறகே மருந்து இறங்கும். சில இடங்களில் ஊசியையே தசையின் மின் துடிப்பைப் பதியும் கருவியோடு இணைத்திருப்பார்கள். இறுகிய தசைக்குள் முனை நுழைந்ததும் ஒலிபெருக்கி படபடவென்று இரையும். இரண்டில் எதுவானாலும் சரி. எதுவுமே இல்லாமல் முன்கையின் ஆழத் தசைகளுக்கு ஊசி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மறுநாள் கையில் மாற்றம் இல்லையே என்று கலங்காதீர்கள். சில நாட்களில் தளர்வு தொடங்கும், 2 முதல் 6 வாரத்துக்குள் உச்சத்தைத் தொடும், 3 மாத வாக்கில் இறங்கத் தொடங்கும். அந்த உச்ச வாரங்களை வீணாக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே பிசியோதெரபிக்கும், அன்றாட வேலைகளைக் கைக்குப் பழக்கும் தொழில்வழி சிகிச்சைக்கும் நேரம் வாங்கி வையுங்கள். நீட்டும் பயிற்சி தினமும் வேண்டும், இரவில் ஸ்ப்ளின்ட் வேண்டும். நீட்டும் தசைகளில் உயிர் இருந்தால் அவற்றைத் தூண்டும் பயிற்சியும் வேண்டும். ஊசியை மட்டும் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் நான்காம் மாதம் கை பழைய முஷ்டிக்கே திரும்பியிருக்கும். செலவு மட்டும்தான் மிச்சம்.

பலன் என்ன? ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, இறுக்கம் குறைகிறது, பராமரிப்பு எளிதாகிறது என்பதை. உள்ளங்கையைக் கழுவித் துடைக்க முடிகிறது, நகம் சதையில் புதைந்து புண்ணாவது நிற்கிறது, சட்டைக் கையை மாட்டுவது போராட்டமாக இல்லை, வலி குறைகிறது. இவை சின்ன விஷயங்கள் அல்ல; தினமும் அப்பாவைக் குளிப்பாட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆனால் டம்ளரைப் பிடிப்பது, எழுதுவது போன்ற இயக்கங்கள் திரும்புவதற்கான சான்று வலுவாக இல்லை. காரணம் எளிது. ஊசி மடக்கும் தசையைத் தளர்த்துகிறது. நீட்டும் தசைக்கு மூளையிலிருந்து வர வேண்டிய கட்டளையை அது கொண்டுவந்து தராது. ஊசிக்கு முன்பே அப்பாவால் விரலைச் சிறிதாவது தானாக நீட்ட முடிகிறது, இறுக்கம்தான் தடுக்கிறது என்றால் எதிர்பார்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம். அசைவே இல்லையென்றால் சுத்தமும் வலி நீக்கமும்தான் இலக்கு. எதிர்ப்பக்க ஆபத்தும் ஒன்று உண்டு. சிலர் அந்த இறுக்கத்தையே பயன்படுத்தித்தான் பையைத் தூக்குகிறார்கள், கைத்தடியைப் பற்றுகிறார்கள். அதைத் தளர்த்திவிட்டால் இருந்த உபயோகமும் போய்விடும். கால் தசைகளுக்குப் போடும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும்.

இதே இறுக்கம்தான் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளிடமும். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்குக் கெண்டைக்கால் தசையில் போட்டு, தளர்ந்திருக்கும்போது மாவுக்கட்டும் பயிற்சியும் கொடுத்து, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடிகிறது. எடைக்கேற்ப அளவு கணக்கிட வேண்டியது கட்டாயம்.

வேறு நோய்களில் இந்த மருந்தின் பெருமை முழுமையாகத் தெரிவது டிஸ்டோனியா என்ற தசை முறுக்கு நோயில் என்பேன். கழுத்துத் தசைகள் தாமாக இறுகித் தலையை ஒரு பக்கமாகத் திருகி வைத்துவிடும். நோயாளி ஒரு விரலால் தாடையை லேசாகத் தொட்டதும் தலை நேராவதைப் பார்த்திருக்கிறேன். விரலை எடுத்தால் மறுபடி திருகும். இதைப் பார்த்து, நடிக்கிறார், மனநோய் என்றெல்லாம் முடிவு கட்டியவர்கள் உண்டு. மாத்திரைகள் அதிகம் உதவாத இந்த நோய்க்கு இன்று முதல் சிகிச்சையே இந்த ஊசிதான். கண்ணிமைத் துடிப்பு, எழுத உட்கார்ந்தால் மட்டும் கை முறுக்கிக்கொள்வது, குரல்நாண் இறுகிக் குரல் நெரிபடுவது ஆகியவையும் இதே குடும்பம்தான். குரல்நாணுக்குப் போட்டால் சில வாரம் குரல் காற்றாகப் போகும், பிறகு தெளியும்.

தலைவலி விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1990களில் முகச்சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட சிலர் ஒற்றைத் தலைவலியும் குறைந்துவிட்டது என்றார்கள். இங்கே மட்டும் அழகு சிகிச்சை மருத்துவத்துக்கு வழிகாட்டியது. ஆனால் 2010இல் அனுமதி கிடைத்தது நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கு மட்டுமே. அதாவது மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, நாளுக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ தலைவலிப்பவர்களுக்கு. நெற்றி, பொட்டு, பிடரி, கழுத்து, தோள் என 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. இங்கே தசைத் தளர்வு முக்கியமில்லை. வலியைத் தூண்டும் வேதிப்பொருள்களை நரம்பு முனைகள் வெளியிடுவதைத்தான் மருந்து தடுப்பதாகக் கருதப்படுகிறது. முதல் முறையில் பலன் தெரியாவிட்டாலும் இரண்டாவதுக்குப் பிறகு தெரியலாம். மாதம் நாலைந்து முறை தலைவலிப்பவருக்கு இதைப் பரிந்துரைத்தால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். அந்த வகைத் தலைவலியில் சோதனைகள் தோற்றுவிட்டன.

அக்குள் வியர்வைக்கு 2004இல் அனுமதி கிடைத்தது. சட்டை நனைந்து கூட்டத்துக்கே போக அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு இதை யாரும் வெறும் அழகுப் பிரச்சினை என்று சொல்லமாட்டார்கள். அக்குளில் அயோடின் பூசி, காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவைத் தூவுவார்கள். வியர்வை கசியும் இடமெல்லாம் கருநீலமாக மாறி ஒரு வரைபடம்போல் தெரியும். அந்த எல்லைக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், தோலுக்குள்ளேயே, பக்கத்துக்கு 50 யூனிட். பலன் பெரும்பாலும் அரை ஆண்டுக்கு மேல் நிற்கிறது. உள்ளங்கை வியர்வைக்கும் போடுவார்கள். வலி கடுமையாக இருக்கும், கைப்பிடி சில வாரம் தளரலாம்.

சிறுநீரை அடக்க முடியாத அவசரம் பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு வரும். வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. மாத்திரை பலிக்காதபோது, குழாய்க் கேமரா வழியாகச் சிறுநீர்ப்பைச் சுவரில் 20 இடங்களில் மொத்தம் 100 யூனிட் போடுவதுண்டு. தண்டுவடக் காயம் போன்ற நரம்புக் கோளாறில் 200 யூனிட். மருந்து அளவு மீறி வேலை செய்து சிறுநீர் இறங்காமல் நின்றுவிட்டால், சிறிது காலம் தினமும் சிலமுறை ரப்பர் குழாய் செருகிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன்கூட்டியே சம்மதிக்காதவருக்கு இந்த ஊசி போடக் கூடாது. ஓயாமல் எச்சில் வடிகிற பார்க்கின்சன் நோயாளிகளுக்கு உமிழ்நீர்ச் சுரப்பியில் போடுவதும், ஆறாத ஆசனவாய் வெடிப்புக்குப் போடுவதும், உணவுக்குழாயின் அடிவாசல் திறக்காதபோது அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்குப் போடுவதும் நடைமுறையில் இருக்கின்றன. மனச்சோர்வுக்கு என்று சொல்வது இன்னும் ஆராய்ச்சி நிலைதான். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விஷம் என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். 100 யூனிட் கொண்ட ஒரு குப்பியில் இருக்கும் நச்சு ஒரு நானோகிராம்கூட இல்லை. கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கைத்தான் நானோகிராம் என்கிறோம். புருவச் சுருக்கத்துக்கு 20 யூனிட். கை கால் இறுக்கத்துக்கு, போட்டாக்ஸ் கணக்கில், 3 மாதத்துக்குள் மொத்தம் 400 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பெரியவர்களுக்கான வரம்பு. யூனிட் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி. போட்டாக்ஸின் 100 யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் டிஸ்போர்ட்டின் 100 யூனிட்டும் சமம் அல்ல. மாற்றிப் போட்டால் அளவு எங்கோ போய்விடும். மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவி, விழுங்குவதையும் மூச்சையும் பாதிக்கலாம் என்று 2009இல் அமெரிக்க நிர்வாகம் மருந்துப் பெட்டியிலேயே கடும் எச்சரிக்கை இடச் செய்தது. இது அரிது. ஆனாலும் ஊசிக்குப் பிறகு சில வாரம்வரைகூட, விழுங்கும்போது புரையேறுவது, குரல் மாறுவது, பார்வை இரட்டையாவது, மூச்சு வாங்குவது என்று எது வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போங்கள். பக்கவாதத்தால் அப்பாவுக்கு ஏற்கெனவே விழுங்குவதில் சிரமம் இருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சாதாரணமாக வருவது போட்ட இடத்தில் வலி, கன்றல், பக்கத்துத் தசையில் கொஞ்சம் பலவீனம். மயஸ்தீனியா போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக், இந்த ஊசி மருந்தின் வீரியத்தைக் கூட்டும். அப்பா இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராக இருக்கலாம். அதைச் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒரு கன்றலைத் தவிர்க்க மாத்திரையை நிறுத்தி இன்னொரு பக்கவாதத்தை வரவழைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. வார்ஃபரின் எடுப்பவரென்றால் இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுப் போடுவார்கள்.

விலை குறைவு என்று அழகு நிலையத்திலோ வீட்டுக்கு வந்து போடுகிறவரிடமோ போய்விடாதீர்கள். 2024இல் அமெரிக்காவில் போலி மருந்தும் தகுதியற்றவர்கள் போட்ட ஊசியும் பல மாநிலங்களில் ஆட்களை மருத்துவமனைக்கு அனுப்பின. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் காக்க வேண்டிய மருந்து இது. குப்பியை உங்கள் முன் திறக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

3 மாதத்துக்கு முன் மறு ஊசி வேண்டாம். அடிக்கடியும் அதிக அளவிலும் போட்டால் உடல் எதிர்ப்புப் புரதங்களை (ஆன்டிபாடி) உண்டாக்கி மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடலாம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, கை திறந்தால் எது நடக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பேசி ஒரே ஒரு வரியாக எழுதிக்கொண்டு போங்கள். “உள்ளங்கையைக் கழுவ வேண்டும்” என்பதுபோல் இருக்கட்டும். “கை சரியாக வேண்டும்” என்று எழுதினால் பலித்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசிக்கு முன் அப்பாவின் கையைத் திறக்க முயலும் ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள், 4 வாரம் கழித்து அதேபோல் இன்னொன்று. ஊசி போட்ட நாளில் மருந்தின் வணிகப் பெயர், எந்தத் தசைக்கு எத்தனை யூனிட், தேதி ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறொருவர் போட நேர்ந்தாலும் எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.